கறைக்கும் காரணம் வேண்டும்: குழந்தைக்குப் பரிசாக ஒரு விண்வெளி ஓடம்

அண்ணன் மகள் தன் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் முன்பு ஒரு கேள்வி கேட்டாள். சுனிதா வில்லியம்ஸ் முதல் தடவை எதில் ஏறிப் போனார்? 2006 டிசம்பரில், டிஸ்கவரி என்கிற விண்வெளி ஓடத்தில் என்று சொல்லிக் கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். மூக்கைச் சுளித்தாள். “ஏன் சித்தப்பா இவ்வளவு அழுக்காக இருக்கிறது? கழுவ மாட்டார்களா?”

பரிசு அங்கேயே முடிவாகிவிட்டது. அழுக்கோடு இருக்கும் டிஸ்கவரியின் பிளாஸ்டிக் மாடலை நானே ஒட்டி, வண்ணமடித்துக் கொடுப்பது. இந்த அழுக்கேற்றும் வேலைக்கு மாடல் செய்கிறவர்கள் மத்தியில் வெதரிங் என்று பெயர். புதிதாக இறங்குகிறவர்கள் வழுக்கி விழுவதும் இங்கேதான். கருப்பையும் துருநிறத்தையும் கண்ட இடத்தில் ஈஷிவிடுகிறார்கள். நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: போடுகிற ஒவ்வொரு கறைக்கும் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். குழந்தை விரல் வைத்து “இது என்ன?” என்றால் நான் விழிக்கக் கூடாது.

மூன்று வார இறுதிகள் வேலை, அதன்பின் ஒரு வாரம் காயவிடுவது. பிறந்தநாளிலிருந்து பின்னோக்கி எண்ணி ஆரம்பியுங்கள்.

எந்த அளவு வாங்குவது

உண்மையான ஓடம் சுமார் 37 மீட்டர் நீளம். இறக்கைக்கு இறக்கை 24 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1/144 அளவு மாடலில் அது 26 சென்டிமீட்டர் நீளமாகவும் பதினாறரை சென்டிமீட்டர் அகலமாகவும் சுருங்கும். 1/72 என்றால் அரை மீட்டருக்கும் மேல். மாடல் தயாரிக்கும் ரெவெல் நிறுவனம் இரண்டு அளவிலும் விண்வெளி ஓட கிட்கள், அதாவது நாமே ஒட்டிச் செய்யும் உதிரிப் பெட்டிகள், தந்திருக்கிறது. பரிசுக்கு 1/144 போதும். ஒன்பது வயதுக் கை ஒரு பிடியில் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கப் பறக்கலாம். பெரியது கண்ணாடி அலமாரிக்குப் போய்விடும், பிறகு “தொடாதே” என்று சொல்ல வேண்டிவரும்.

ஆரஞ்சு நிற எரிபொருள் தொட்டியும் இரண்டு வெள்ளை பூஸ்டர் ராக்கெட்டுகளும் சேர்ந்து வரும் கிட் கடையில் கம்பீரமாகத் தெரியும். தனி ஓடத்தையே தேடுங்கள். உயரமான பொருள் தட்டிவிட்டால் விழும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்தத் தொட்டியை ஒவ்வொரு பயணத்திலும் தூக்கி எறிந்துவிட்டார்கள், புதிதுதான் அடுத்த முறை வந்தது. பழங்கறை ஏறிய ஓடத்தின் வயிற்றில் புத்தம்புதுத் தொட்டி சரியானதுதான். ஆனால் அப்போது நாம் சிரமப்பட்டுப் போட்ட வயிற்றுப்புறக் கறையெல்லாம் தொட்டிக்குப் பின்னால் மறைந்துவிடும்.

சக்கரங்களை இறக்கி வைப்பதா, மடக்கி மூடுவதா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு பையனுக்குச் சக்கரத்தோடு செய்து கொடுத்தேன். கேக் வெட்டி முடிப்பதற்குள் முன் சக்கரம் சோபாவுக்கு அடியில் கிடந்தது. அன்றிலிருந்து குழந்தைகளுக்கு என்றால் சக்கரக் கதவுகளையும் சரக்கு அறைக் கதவுகளையும் மூடியே ஒட்டுகிறேன். சக்கரம் வேண்டும் என்று நீங்கள் நின்றால், உடலின் இரு பாதிகளை மூடுமுன் பசையில்லாமல் பொருத்தி நிறுத்திப் பாருங்கள். பின்பக்கம் குந்தினால் மூக்குக்குள் கனம் வேண்டும். தூண்டில் ஈயக்குண்டு சின்னதாகவும் கனமாகவும் இருக்கும். குழந்தை கையாளும் பொருளில் ஈயம் வேண்டாம். சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸ் குண்டுகள் போதும்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

உதிரிகள் பிளாஸ்டிக் சட்டத்தில் கோத்து வரும். பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் சட்டத்தோடு கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகத் தடவிய எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொண்டிருந்தால் பெயின்ட் பிடிக்காது.

உதிரியைக் கையால் முறுக்கிப் பிய்க்க வேண்டாம். கட்டரால் முதலில் சற்றுத் தள்ளி ஒரு வெட்டு, பிறகு உதிரியை ஒட்டி இரண்டாவது வெட்டு. ஒரே வெட்டில் முடிக்கப் பார்த்தால் பிளாஸ்டிக் வெளுத்துக் குழிவிழும். மிச்சம் நீட்டிக்கொண்டிருப்பதை 400 எண் உப்புத்தாளில் தேய்த்து, 800, 1000 என்று ஏறிப் போங்கள். கடைசி இரண்டையும் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது.

பசை விஷயத்தில் நம் வீடுகளில் கை தானாக ஃபெவிக்விக் பக்கம் போகும். உடனே பிடிக்கும், உண்மைதான். ஆனால் அந்த ஒட்டு கண்ணாடி மாதிரி. ஒரு முறை கீழே விழுந்தால் சட்டென்று விட்டுவிடும். மாடலுக்கென்று விற்கும் நீர்த்த பிளாஸ்டிக் சிமென்ட் இரு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும், பற்றவைத்தது போல. இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, விளிம்பில் தூரிகை நுனியைத் தொட்டால் போதும், பசை இடுக்கு வழியே தானாக ஓடும். விரலை அந்த இடுக்கின் மேல் வைத்துப் பிடிக்காதீர்கள். பசை விரலுக்கடியில் ஊறி, உங்கள் ரேகை ஓடத்தின் மேல் நிரந்தரமாகப் பதிந்துவிடும். சன்னலைத் திறந்து வைத்து, குழந்தை இல்லாத அறையில் ஒட்டுங்கள்.

விமானியறைச் சன்னல்களுக்கு மட்டும் இரண்டும் வேண்டாம். ஃபெவிக்விக்கின் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படியும், சிமென்ட் அதை உருக்கும். அங்கே சாதாரண ஃபெவிகால் ஒரு சொட்டு. காய்ந்தால் கண்ணுக்கே தெரியாது.

ஒட்டிய கோட்டில் இடைவெளி தெரிந்தால் எம்-சீல் பிசைந்து அடைத்து, இறுகியபின் தேய்க்கலாம். முதுகுக்கோடும் மூக்குக்கோடும் ஒழிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வண்ணம்

எந்த ஸ்பிரேவையும் எந்தத் தின்னரையும் முதலில் வெறும் சட்டத்தில் அடித்து ஒரு மணி நேரம் பாருங்கள். பெயின்ட் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னரைத் தூரிகை கழுவத்தானே என்று நானும் ஒரு தரம் மேசையில் வைத்திருந்தேன். அதை நனைத்த துணியால் இறக்கையைத் துடைத்ததும் ஓரம் ஜவ்வாக இழுத்துக்கொண்டு வந்தது. புது இறக்கை கிடைக்கவில்லை, புது கிட்தான் வாங்கினேன்.

சாம்பல் நிற பிரைமரை ஓர் அடி தள்ளி நின்று, மெல்லிய பூச்சாக இரண்டு முறை அடியுங்கள். கரைப்பான் கலந்த ஸ்பிரேவை ஈரக்காற்றில் அடித்தால் மேற்பரப்பில் வெள்ளை பூத்துவிடும். சென்னைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் பிறந்தநாள் வரும் குழந்தைகளுக்குப் புரட்டாசிக்குள்ளேயே இந்தக் கட்டத்தை முடித்துவிடுவது நல்லது. இல்லையென்றால் மழை விட்ட ஒரு நாள் பதினொரு மணி வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

மேல்வண்ணத்துக்கு நீரில் கரையும் அக்ரிலிக் போதும். வாடை குறைவு, குழந்தை தொடும் பொருளுக்கும் பொருத்தம். டப்பாவிலிருந்து எடுத்த வெள்ளையை அப்படியே பூசினால் குளியலறைத் தொட்டி மாதிரி இருக்கும். ஒரு சொட்டுச் சாம்பல் கலந்து அதன் பளீரைக் கொல்லுங்கள். கருப்பிலும் அப்படியே: வயிற்றுப்பக்கத்துக்குக் கருஞ்சாம்பல்தான் அடிநிறம். வெள்ளையை முதலில் அடித்து, நன்றாகக் காயவிட்டு, மாஸ்கிங் டேப் ஒட்டிப் பிறகு கருப்பு. டேப்பின் விளிம்பை நகத்தால் அழுத்தித் தேய்த்தால்தான் பெயின்ட் அடியில் ஊறாது. உரிக்கும்போது மேலே தூக்காமல், டேப்பைத் தன்மேலேயே மடித்து மெதுவாக இழுங்கள்.

மூக்கு நுனியும் இறக்கைகளின் முன்விளிம்பும் தனி நிறம், நடுத்தரச் சாம்பல். மற்ற இடங்களில் ஒட்டிய வெப்பத்தடுப்பு ஓடு அங்கே கிடையாது. பூமிக்குத் திரும்பும்போது 1,600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு தாங்க வேண்டிய இடங்கள் என்பதால் வலுவூட்டிய கார்பனில் செய்தார்கள். 2003இல் கொலம்பியாவுக்கு நேர்ந்ததும் இந்த விளிம்பில்தான். புறப்படும்போது தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையின் விளிம்பில் மோதி உடைத்தது. திரும்பி வரும்போது, பிப்ரவரி 1 அன்று, கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் இறந்தார்கள். குழந்தை இதைக் கேட்பாள். என்ன சொல்வது என்று விளிம்புக்கு வண்ணமடிக்கும்போதே யோசித்து வைத்துக்கொண்டேன்.

சின்னங்கள்

வண்ணம் காய்ந்ததும் முழுவதற்கும் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு. கிட்டோடு தாளில் வரும் சின்னங்களைச் சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அவற்றுக்கடியில் காற்று நின்று வெள்ளி போல மின்னும். சின்னத்தை வெட்டி, வெதுவெதுப்பான நீரில் பதினைந்து இருபது நொடி போட்டு எடுத்துத் தாளிலேயே ஒரு நிமிடம் வையுங்கள். தானாக நழுவத் தொடங்கியதும் மாடலின் மேல் தள்ளி, ஈரத் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றுங்கள். கிட்டில் பல ஓடங்களின் பெயர்களும் பல காலத்துச் சின்னங்களும் இருக்கலாம். நாசாவின் வட்டச் சின்னமும் நெளியெழுத்துச் சின்னமும் வெவ்வேறு காலத்தவை. ஏதாவது ஒரு பயணத்தின் நிழற்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதை மட்டும் பின்பற்றுங்கள். எனக்கு 2006 டிசம்பர்ப் பயணம்.

ஒட்டி முடித்ததும் மறுபடி ஒரு பளபளப்புப் பூச்சு. அதற்கு மேல்தான் கறை.

கறை

டிஸ்கவரி முதலில் கிளம்பியது 1984 ஆகஸ்ட் 30. கடைசியாக இறங்கியது 2011 மார்ச் 9. இடையில் 39 பயணங்கள், கூட்டினால் விண்வெளியில் ஏறக்குறைய ஒரு முழு வருடம். இப்போது அமெரிக்காவில் வர்ஜீனியாவின் ஸ்மித்சோனியன் கூடத்தில் அந்தக் கறைகளோடே நிற்கிறது. அதன் படங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. நான்கைந்தை அச்செடுத்து மேசையில் ஒட்டிவைத்துவிட்டுத் தூரிகையைத் தொடுங்கள்.

முதலில், எதைப் போடக் கூடாது. துரு கூடாது. ஓடத்தின் சட்டகம் அலுமினியம், மேலே போர்த்தியவை சிலிக்கா ஓடுகளும் துணிப்போர்வைகளும். இரும்பு துருப்பிடித்து வழிய அங்கே இடமில்லை. பின்பக்கத்து மூன்று பெரிய எஞ்சின் குழாய்களுக்குள் புகைக்கரியும் கூடாது. அவை ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிப்பவை, வெளியே வருவது நீராவி. ஏவுதளப் படங்களில் தெரியும் புகைமூட்டம் பெரும்பாலும் பக்கத்துப் பூஸ்டர்களுடையது. அதனால் குழாய்களுக்கு உலோக நிறம் பூசி, விளிம்பருகே மிக லேசாகப் பழுப்பும் நீலமும் தேய்த்தால் போதும். தோசைக்கல்லைக் கழுவாமல் காய்ச்சினால் ஓரத்தில் ஏறும் நிறம் மாதிரி, அவ்வளவுதான்.

அடுத்தது பக்கவாட்டின் கோடுகள். ஓடம் விமானம் போல மூக்கை நேரே நீட்டிக்கொண்டு காற்றுமண்டலத்துக்குள் நுழையவில்லை. சுமார் 40 டிகிரி மூக்கை உயர்த்தி, வயிற்றைக் காட்டிக்கொண்டு வந்தது. கொதிக்கும் காற்று வயிற்றில் மோதி, விலா வழியே மேலேறி ஓடியது. ஆகவே மூக்கின் இரு பக்கமும் கோடுகள் படுக்கையாக ஓடக் கூடாது. பின்னோக்கியும் சற்று மேல்நோக்கியும் ஏற வேண்டும். இந்த ஒரு சாய்வைச் சரியாகப் பிடித்துவிட்டால் மாடல் பொம்மைத்தனத்தைக் கழற்றிவிடும்.

செய்முறை இது. ஓவியர்களின் ஆயில் பெயின்டில் பழுப்பும் கருப்பும் வெள்ளையும் கலந்து அழுக்குச் சாம்பல் ஒன்று தயாரியுங்கள். ஓர் அட்டைத் துண்டில் வைத்து அரைமணி விட்டால் அதிக எண்ணெயை அட்டை குடித்துவிடும். பல்குத்தியின் நுனியால், வெள்ளையும் கருப்பும் சந்திக்கும் எல்லையில் ஊசிமுனைப் புள்ளிகள் வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து, ஓவியர்கள் பயன்படுத்தும் வாடையற்ற தின்னரில் தட்டைத் தூரிகையை நனைத்து, துணியில் ஒற்றி, ஏறக்குறைய உலர்ந்த நிலையில், புள்ளியை அந்தச் சாய்வில் ஒரே இழுப்பாக இழுங்கள். திரும்ப முன்னால் கொண்டுவர வேண்டாம். இழுத்தது கறுப்பாகத் தெரிந்தால் மறுபடி இழுங்கள். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவு வரும்போது நிறுத்துங்கள். ஆயில் பெயின்ட் உடனே காயாது என்பதால் பிடிக்காததைத் துடைத்துவிட்டு அடுத்த நாள் வரலாம். நான் இடது விலாவை மூன்று முறை துடைத்தேன்.

வாலின் இரு புறமும் புடைத்திருக்கும் பகுதிகளின் முன்முகத்திலும் இதே கறை, கொஞ்சம் அழுத்தமாக. முதுகை விட்டுவிடுங்கள். காற்று நேரடியாக மோதாத பக்கம் அது, சூடும் குறைவு. அங்கே வெள்ளை வெள்ளையாகவே இருக்கட்டும். மூக்கின் மேலுள்ள சிறு உந்துவாய்த் துளைகளுக்குள் மட்டும் கருஞ்சாம்பலை நீர்க்கக் கரைத்து ஒரு சொட்டு விடலாம்.

வயிறுதான் எனக்குப் பிடித்த இடம். டிஸ்கவரியின் மேல் சுமார் 24,000 ஓடுகள். வயிற்றுப்பக்கத்துக் கருப்பு ஓடு பொதுவாக 15 சென்டிமீட்டர் சதுரம். 144ஆல் வகுத்துப் பாருங்கள்: ஒரு மில்லிமீட்டர். ஓர் எறும்புத்தலை அளவு. பறந்து பறந்து பழைய ஓடுகள் வெளுத்துச் சாம்பலாகும். சேதமானதைப் பெயர்த்து அங்கே புதியதை ஒட்டுவார்கள், அது கன்னங்கரேலென்று தனியாகத் தெரியும். பல பயணம் போன ஓடத்தின் வயிறு அதனால் தேய்ந்த சதுரங்கப் பலகை மாதிரி, ஒழுங்கில்லாமல் திட்டுத்திட்டாக இருக்கும்.

இதற்குப் பெயின்ட் தேவையில்லை. மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு அடித்தால் பரப்பு பென்சில் பிடிக்கும் பதத்துக்கு வரும். குழந்தையின் கலர் பென்சில் டப்பாவிலிருந்து சாம்பல் பென்சிலைக் கடன் வாங்குங்கள். கூர்மையாகச் சீவி, ஓட்டுக்கோடுகள் அச்சில் இருந்தால் அவற்றுக்குள்ளும், இல்லையென்றால் கிராஃப் தாளை ஓரமாக வைத்துக்கொண்டும், ஒரு மில்லிமீட்டர் சதுரங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக நிரப்புங்கள். கூட்டமாக ஏழெட்டு, பிறகு வெற்றிடம், பிறகு ஒற்றை. மூக்கருகே நெருக்கமாகவும் நடுவில் அரிதாகவும் வைத்தேன். புது ஓடுகளுக்கு மெல்லிய கருப்பு மார்க்கர். ஒரு மாலைக்கு ஒரு இறக்கை என்று கணக்கு வைத்தால் கண் வலிக்காது. இருபத்திநாலாயிரத்தையும் போட யாரும் கேட்கவில்லை. நான் முந்நூறுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இடது இறக்கையின் அடியில் ஒரு கட்டை விரல் அகலத்துக்கு வெறுமையாக விட்டேன். அது அவளுக்கு. பரிசுப் பெட்டிக்குள் அதே சாம்பல் பென்சிலையும் போட்டு வைத்தேன்.

பூட்டுவதும் கொடுப்பதும்

கண்காட்சி மாடல்களுக்குச் சுண்ணத்தூள் தூவிக் கறை போடுவது உண்டு. குழந்தையின் கைக்குப் போகும் பொருளுக்கு அது சரிப்படாது. இரண்டு நாளில் தூள் எல்லாம் உள்ளங்கையில் இருக்கும். ஆயில் கறை முழுதாகக் காய நான்கைந்து நாள் விட்டு, மேலே நீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு பூச்சு. முழு மங்கலை விட அரைப்பளபளப்பு நல்லது. மங்கல் பரப்பில் விரல் எண்ணெய் உடனே திட்டாகத் தெரியும், துடைக்கவும் வராது. வயிற்றில் வெறுமையாக விட்ட இடத்துக்கு மட்டும் டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அவள் பென்சில் அங்கே பிடிக்காது.

பிறகு ஒரு வாரம் தொடாதீர்கள். ஏழாம் நாள் மூக்கருகே பிடித்து முகர்ந்து பாருங்கள், வாடை இருந்தால் இன்னும் இரண்டு நாள். ஈரத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள், துணியில் நிறம் வந்தால் இன்னொரு பூச்சு. கூரான பகுதிகளை உப்புத்தாளால் லேசாக மழுக்குங்கள். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே இன்னொரு குழந்தை இருந்தால் கழன்று வரக்கூடிய சிறு உதிரிகளை ஒட்டவே வேண்டாம்.

கொடுத்து ஒரு மாதம் கழித்து அண்ணன் வீட்டுக்குப் போனபோது எடுத்துப் பார்த்தேன். வயிற்றில் விட்ட இடம் நிரம்பியிருந்தது, சதுரங்கள் என்னுடையதை விடப் பெரியவை. வலது இறக்கையின் மேலே நான் போடாத கறை ஒன்று, வட்டமாக, மஞ்சளும் சிவப்புமாக. இது எப்படி வந்தது என்று கேட்டேன்.

“இட்லிப்பொடி எண்ணெய். இது சாப்பாட்டு மேசையில் இறங்கியது, சித்தப்பா.”

ஈரத் துணி எடுத்து வரட்டுமா என்றேன். வேண்டாம் என்று ஓடத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.